கைப்பிடி இல்லாத அரம்

பட்டறையில் அடிபடுவது பெரும்பாலும் இடது கைதான். சுத்தியல் வலது கையில் இருக்கும், உளி இடது கையில் இருக்கும். குறி தவறினால் அடி உளியைப் பிடித்த கைமேல் இறங்கும். நாற்பது வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கத்து டீக்கடையில் காலை நேரத்தில் உட்கார்ந்திருந்தால், டம்ளர் பிடித்த கைகளைப் பார்த்தே யார் என்ன வேலை என்று சொல்லிவிடலாம். ஃபிட்டருக்கு இடது கட்டை விரல் நகம் கறுத்திருக்கும். ஃபவுண்டரிக்காரருக்கு முன்கையில் வட்ட வட்டமாகச் சுட்ட தழும்பு இருக்கும். லேத்காரருக்கு விரல் நுனியெல்லாம் இரும்புச் சுருள் கிழித்த மெல்லிய கோடுகள். அந்தக் கோட்டுக்குள் எண்ணெய்க் கறுப்பு இறங்கி, பச்சை குத்தினாற்போல் நின்றுவிடும். எந்த சோப்புக்கும் போகாது.

எங்கள் மேஸ்திரிக்கு இடது ஆள்காட்டி விரலில் நுனிக்கணு கிடையாது. டம்ளரைக் கட்டை விரலாலும் நடுவிரலாலும் பிடிப்பார். அந்தக் குட்டை விரல் டம்ளரைத் தொடாமல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ கைகளைப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் யாராவது பட்டறை என்று சொன்னால் எனக்கு முதலில் தெரிவது அந்த டம்ளரும் அந்த விரலும்தான்.

1981-இல் பத்தாவது முடித்த கையோடு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கணபதியில் தகரக் கூரை போட்ட ஜாப் ஒர்க் பட்டறை. ஒரு லேத், ஒரு ஷேப்பிங் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், மூலையில் கிரைண்டர், சுவரை ஒட்டிய நீள பெஞ்சில் நான்கு வைஸ். ஓனரைச் சேர்க்காமல் எட்டுப் பேர். இந்தியாவின் முதல் மின் மோட்டாரை 1937-இல் செய்த ஊர் என்று டி. பாலசுந்தரம் நாயுடுவையும் ஜி.டி. நாயுடுவையும் பேர் சொல்லிக் கோயமுத்தூர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். பேசட்டும், பேச வேண்டிய பெருமைதான். அந்தப் பெருமைக்குக் கீழே எங்களைப் போல எத்தனையோ தகரக் கூரைகள் இருந்தன. பம்பின்மேல் பேர் போடுவது பெரிய கம்பெனி. அதன் உடம்பைத் தட்டி, ராவி, துளை போட்டு, மரை எடுத்துக் கொடுப்பது எங்களைப் போன்றவர்கள்.

ஃபவுண்டரியிலிருந்து வார்ப்புகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். மணல் ஒட்டியிருக்கும். மோல்டுப் பெட்டி இரண்டும் சேர்ந்த இடத்தில் தகடு மாதிரி பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதை உளி வைத்துத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு அரம் போட்டு ராவி, கை வைத்தால் வழுக்குகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கரண்டே தேவைப்படாத வேலை. வெளியிலிருந்து வருகிறவர்கள் லேத்தையும் கிரைண்டரையும் பார்த்துத்தான் பயப்படுவார்கள். நாங்களும் அவற்றிடம் பயத்தோடுதான் நின்றோம். சட்டைக் கையை மடித்துவிடு, சக்கில் சாவியை விட்டுவிட்டு சுவிட்ச் போடாதே என்று ஒருவருக்கொருவர் சத்தம் போடுவோம். உளிக்கும் அரத்துக்கும் ஸ்பானருக்கும் யாரும் சத்தம் போட்டதில்லை. எங்கள் பட்டறையில் சிந்திய ரத்தத்தில் முக்கால்வாசி அந்த மூன்றால்தான் சிந்தியது.

ஸ்பானரை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் தேய்ந்த ஸ்பானர் எல்லாப் பட்டறையிலும் ஒன்று இருக்கும். நட்டில் லூசாக நிற்கும், அதற்கு நடுவில் ஒரு தகட்டுத் துண்டைச் சொருகுவோம். இறுகிப்போன நட்டு என்றால் ஸ்பானர் கைப்பிடியில் ஒரு பைப்பை மாட்டி, முழு எடையையும் போட்டு அழுத்துவோம். சொருகிய தகடு நழுவும். கை போய் வார்ப்பின் விளிம்பில் மோதும். நான்கு விரல் முட்டியும் ஒரே சமயத்தில் தோலுரியும். ஸ்பானரை உன் பக்கம் இழு, எதிர்ப்பக்கம் தள்ளாதே என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருப்பார். இழுக்கும்போது நழுவினால் பின்னால் இரண்டடி தடுமாறுவோம், அவ்வளவுதான். தள்ளும்போது நழுவினால் முட்டி போகும். இந்த ஒரு வார்த்தை என் முட்டியை எத்தனை முறை காப்பாற்றியது என்று கணக்கில்லை.

சேர்ந்து மூன்றாவது வாரம் என் முறை வந்தது.

மேஸ்திரி அன்றைக்கு ஃபவுண்டரிக்குப் போயிருந்தார். பன்னிரண்டு அங்குல பாஸ்டர்ட் அரம், கைப்பிடி உடைந்து போயிருந்தது. அரத்தின் பின்பக்கம் கைப்பிடி மாட்டுவதற்கென்று கூம்பி நீண்டு ஒரு வால் இருக்கும், டேங் என்பார்கள். ஆணி மாதிரிக் கூராக இருக்கும். அதற்கு ஒரு மரக் கைப்பிடி மாட்டினால்தான் அரம் முழு அரம். கைப்பிடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு ராவ ஆரம்பித்தேன். பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அரம் முன்னே தள்ளும்போதுதான் அறுக்கும். இடது கால் முன்னால் வைத்து, தோளிலிருந்து எடையைக் கொடுத்து ஒரே சீராகத் தள்ள வேண்டும். பதினைந்து இருபது தள்ளு போயிருக்கும். கை பழகி வேகம் எடுத்த நேரம், அரத்தின் முனை வைஸ் தாடையில் போய் முட்டி நின்றது. அரம் நின்றுவிட்டது, என் கை நிற்கவில்லை. டேங் துணியையும் தாண்டி, வலது உள்ளங்கையில் கட்டை விரல் மேட்டுக்குக் கீழே இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. சில்லென்று ஏதோ உள்ளே போனதுபோல் இருந்தது. கையை எடுத்தேன், அரமும் கூடவே வந்தது. அப்போதுதான் சத்தம் போட்டேன் என்று நினைக்கிறேன்.

ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். ஒருவர் சுண்ணாம்பும் மஞ்சளும் என்றார். சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு மரப்பெட்டி உண்டு, மேலே சிவப்புக் கூட்டல்குறி. உள்ளே காய்ந்துபோன டிங்சர் பாட்டிலும் நசுங்கிய பர்னால் குழாயும் இருந்தன. லேத்தில் நின்ற அண்ணன் என் தலையில் கை வைத்து, "அழுவாதறா கண்ணு, ரத்தம் காட்டியாச்சில்ல, இனி சோலி தானா வந்துரும்" என்றார். அன்போடு சொன்னார். அவருக்கும் அப்படித்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் தொழில் பழகுவது என்றால் அடிபடுவதும் அதில் சேர்த்திதான் என்று எல்லாரும் மனதார நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் உடைந்த கைப்பிடியை மாற்றவிடாமல் வைத்திருந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மேஸ்திரி வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. குழாயடியில் கையைப் பிடித்து நீர் ஓடவிட்டு நெடுநேரம் கழுவினார். சைக்கிளில் முன்பாரில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார். இரண்டு தையல், ஒரு டிடி ஊசி. திரும்பும் வழியில்தான் கேட்டார். "கைப்பிடி இல்லைன்னா ஏன்றா ராவுன?"

"எல்லாரும் அப்படித்தானுங்ணா ராவுறாங்க."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டே வந்தார். என் முகத்துக்குக் கீழே ஹேண்டில்பாரில் அந்தக் குட்டை விரல்.

அப்பாவுக்கு மில் வேலை. மில்காரர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1955-இல் முதலில் வந்ததே கோயமுத்தூருக்குத்தான். தையல் பிரிக்க அம்மா என்னை அப்பாவின் கார்டோடு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். எப்படிப் பட்டது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "வூட்டுல பாரையில தேங்கா உரிச்சானுங்க, குத்திக்கிச்சுங்க." பையன் வேலைக்குப் போகிறான் என்று தெரிந்தால் கார்டிலிருந்து பேரை எடுத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். டாக்டர் எழுதிக்கொண்டார். அரம் குத்திய காயம் தேங்காய்க் காயமாகப் பதிவானது. பட்டறையிலோ எழுதி வைக்க நோட்டே கிடையாது.

இப்படி எழுதாமல் போன காயங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்போதைய சட்டப்படி, கரண்டில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. நாங்கள் எட்டுப் பேர். தொழிற்சாலையாக இருந்தாலும், அடிபட்டவர் 48 மணி நேரமாவது வேலைக்கு வர முடியாமல் போனால்தான் விபத்து என்று மேலே தெரிவிக்க வேண்டும். நகம் கறுத்தவன் அடுத்த நிமிடம் சுத்தியலை எடுத்துக்கொள்வான். முட்டி தோலுரிந்தவன் வேஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு நட்டை மறுபடி பிடிப்பான். அது யார் கணக்கிலும் ஏறாது.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். மில் சங்கு ஊதியதும் ஓனர் மேஜை முன்னால் வரிசை நிற்போம். வாங்கினவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மேஸ்திரி மட்டும் போகமாட்டார். பட்டறையில் இருந்த உளிகளையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கிரைண்டர் முன்னால் நிற்பார். என் கையில் தையல் போட்ட வாரத்திலிருந்து என்னையும் நிறுத்திக்கொண்டார்.

உளியின் வாயைத்தான் பதம் போட்டுக் கடினமாக்குவார்கள். தலையை மிருதுவாகவே விட்டுவிடுவார்கள். தலையும் கடினமாக இருந்தால் சுத்தியல் படும்போதே சிதறிவிடும். மிருதுவாக இருப்பதால் அடி வாங்க வாங்க நசுங்கி, ஓரம் விரிந்து, நாய்க்குடை மாதிரி கவிழ்ந்துகொள்ளும். கவிழ்ந்த ஓரத்தில் மெல்ல வெடிப்பு விடும். ஏதோ ஓர் அடியில் அதிலிருந்து ஒரு சில்லு கழன்று பறக்கும். அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மேஸ்திரி உளியின் தலையைக் கல்லில் சாய்த்து வைத்து மெதுவாகச் சுழற்றுவார். ஆரஞ்சு நிறத்தில் பொறி விசிறிக்கொண்டு இறங்கும். சூடு ஏறியதும் பக்கத்துத் தண்ணீர் டப்பாவில் முக்குவார், உஸ்ஸென்று அடங்கும். கவிழ்ந்த ஓரம் முழுக்கப் போய்த் தலை பழையபடி குறுகி வட்டமாகும் வரைக்கும் விடமாட்டார். பிறகு அந்த ஓரத்தை இடது கையின் குட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். நுனி போன விரல்தான், ஆனால் மற்ற விரலுக்குத் தட்டுப்படாத பிசிறு அதற்குத் தட்டுப்படும். "இன்னும் ஒரு பக்கம் இருக்குது" என்பார், மறுபடி கல்லில் வைப்பார். உளியின் வாயையும் அப்போதே பார்த்துவிடுவார். வார்ப்பு இரும்புக்கு 60 டிகிரி, செம்புக்கு 45, அலுமினியத்துக்கு 30 என்று நான் பாடப்புத்தகத்தில் படித்தது பின்னால். அவர் கண்ணால் பார்த்தே கொண்டுவருவார்.

அடுத்தது சுத்தியல். தலை ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாக உதறிப் பார்ப்பார். ஆடினால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது மற்றவர்கள் வழக்கம். மரம் உப்பிக் காலையில் கெட்டியாக நிற்கும். இரண்டு நாளில் காய்ந்து பழையபடி ஆடும். மேஸ்திரி கருவேலங் கழியில் புதுப் பிடி செதுக்கி, மேலே ஆப்பு அடித்து இறுக்குவார். ஆப்பு அடிக்காத சுத்தியலை என் கையால் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் அரங்கள். ஓனரிடம் சண்டை போட்டு ஒரு டஜன் கைப்பிடி வாங்கி வைத்திருந்தார். ஒன்று ஒன்றரை ரூபாய்.

இந்த வேலைக்கு அவருக்குத் தனிக்கூலி கிடையாது. ஏன் இப்படி மெனக்கெடுகிறார் என்று எனக்கு ஒரு வருடம் தெரியவில்லை. ஒரு மழை நாள், கரண்ட் போய் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, தலையைக் குனிந்தபடி என்னிடம் சொன்னார்.

எங்கள் பட்டறையில் பிசிறு தட்டுவதற்கென்றே ஓர் அண்ணன் இருந்தார். அவருக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. கருவிழி மேல் பால் படிந்தாற்போல் ஒரு வெள்ளை. பிறவியிலேயே அப்படி என்றுதான் நான் நினைத்திருந்தேன். இருவரும் அதற்கு முன் ஒரு ஃபவுண்டரியில் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். மேஸ்திரி தட்டுவார், இவர் எதிரே நின்று வார்ப்பைப் புரட்டிக் கொடுப்பார். ஒரு நாள் நாய்க்குடைத் தலை உளியில் மேஸ்திரி அடித்த அடியில் சில்லு பறந்து எதிரே நின்றவர் கண்ணில் இறங்கியது. கண்ணில் தூசி விழுந்தால் தீக்குச்சியில் துணி சுற்றி எடுத்துவிடுகிற ஆள் அங்கே ஒருவர் உண்டு. அவர் எடுக்கப் பார்த்திருக்கிறார். அதில் இன்னும் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த ஃபவுண்டரியில் ஏதோ கொஞ்சம் பணம் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரியும் அன்றோடு நின்றுவிட்டார். பிறகு எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் இவரையும் சேர்த்தால்தான் வருவேன் என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறார்.

"அடிச்சது நானுங்க, கண்ணு" என்றார். என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர், 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

மத்தியானம் அவர்கள் இருவரும் ஒரே தூக்குப்போசியில்தான் சாப்பிடுவார்கள். அந்த விஷயத்தைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதேயில்லை.

1983 ஆயுத பூசை. முந்தின நாளே பட்டறையைக் கழுவி, மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சாமான்களையெல்லாம் பெஞ்சில் பெரிசு சிறிசாக அடுக்குவோம். எண்ணெய் மினுங்க உளி, சுத்தியல், அரம், ஸ்பானர், கேலிப்பர் எல்லாம் ஒரே வரிசையில் கிடப்பதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். வாசலில் வாழைக்கன்று, மாவிலை. ஓலைப்பெட்டியில் பொரியும் கடலையும். ஓனர் குடும்பத்தோடு வந்திருந்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். பாதி வந்ததும் சில சாமான்களை எடுத்துக் கீழே தரையில் வைத்தார். வாய் தேய்ந்த ஸ்பானர், வெடித்த தலை உளி இரண்டு, பிடி பிளந்த சுத்தியல், பல் போன ஒரு அரம். ஓனர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க மேஸ்திரி, நோம்பி அதுவுமா சாமானத் தூக்கிக் கீழ போட்டா நல்லாருக்குங்களா?"

"நல்ல சாமானுக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சுங்க. இதெல்லாம் நம்ம பசங்க கையத் தின்னுக்கிட்டு இருக்குதுங்க. இதுக்குப் பொட்டு வெக்க என்ற கை வரமாட்டீங்குதுங்க."

யாரும் பேசவில்லை. கண் போன அண்ணன் சுவரோரம் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். ஓனர் அவரை ஒரு தரம் பார்த்தார். அப்புறம், "சரி, நாளை கழிச்சு பழைய இரும்புக் கடையில போட்ருங்க" என்றார். அதே கையோடு பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போய்விட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பம்பு விற்றால்தான் பணம் வரும், பணம் வந்தால்தான் சம்பளம் என்ற நெருக்கடியில் இருந்தவர். ஆனால் ஓர் உளியின் விலைக்கும் ஒரு கண்ணின் விலைக்கும் நடுவில் யாராவது ஒருவர் நின்று கேட்க வேண்டியிருந்தது. எங்கள் பட்டறையில் கேட்க ஒருவர் இருந்தார். அடுத்த பட்டறையில் இல்லை.

அந்த அடுத்த பட்டறையில்தான் 1988-இல் ஒரு பையனுக்கு நடுவிரல் போனது. தகடு வெட்டுகிற கை ஷியர், நெம்புகோலை இழுத்து அழுத்தினால் கத்தி இறங்கும். ஒருவர் தகட்டைப் பிடிக்க, இன்னொருவர் அழுத்தினார். துண்டான விரலை சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி, அந்த ஐஸுக்குள்ளேயே போட்டு எடுத்துக்கொண்டு ஓடினோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். ஐஸ் நேராகப் பட்டால் சதை வெந்துபோனதுபோல் கெட்டுவிடும், இனி ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டுமாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே டாக்டர் ஆர். வெங்கடசாமி தனித் துறை தொடங்கியது 1971-இல். பதினேழு வருடம் கழித்தும், விரலை எப்படி எடுத்துப்போவது என்ற சின்ன விஷயம் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

அந்தப் பையனுக்காகத்தான் ஒரு வக்கீல் ஆபீஸ் படி ஏறினேன். அங்கேதான் 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தையும் அதன் அட்டவணையையும் பார்த்தேன். உடம்பில் எது போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போகும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. கட்டை விரல் 30. ஆள்காட்டி விரல் முழுதும் 14, ஒரு கணு மட்டும் என்றால் 9. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரு கண்ணில் பார்வை போய் இன்னொன்று நன்றாக இருந்தால் 30. வக்கீல் வேறு வேலையாக இருந்தார். நான் எங்கள் பெஞ்சை மனசுக்குள் கொண்டுவந்து கூட்டிப் பார்த்தேன். மேஸ்திரிக்கு 9. கண் போன அண்ணனுக்கு 30. ஷேப்பிங் மெஷினில் நின்ற அண்ணனுக்கு, எலும்பு போகாமல் சுண்டு விரல் நுனி மட்டும் போனதற்கு, 2. மொத்தம் 41. அந்த 41-க்கு யாரும் ஒரு பைசா சட்டப்படி கேட்டு வாங்கினதில்லை. கேட்கலாம் என்றே தெரியாது. என் உள்ளங்கைத் தழும்புக்கு அட்டவணையில் இடமில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. மேஸ்திரியின் விரலுக்கு 9 என்று ஓர் எண் இருந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியாமலே போனது என்பதுதான் அன்றைக்குப் படியிறங்கும்போது நெஞ்சை அடைத்தது.

ஊர் மாறிவிட்டது. மின்வெட்டு நாளெல்லாம் நீடித்த வருடங்களில் எங்கள் பட்டறையை மூடினார்கள். மெஷின்களை எடைக்குப் போட்டார்கள். மேஸ்திரி அதற்கு முன்பே போய்விட்டார். கண் போன அண்ணன் அவருக்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். மில் சங்குகள் ஒவ்வொன்றாக அடங்கின. சனிக்கிழமை சாயங்காலம் எது என்று சங்கு சொல்லித் தெரிந்துகொண்ட ஊர் இது. அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பேர் வைத்த மேம்பாலத்தில் போகும்போது, கீழே எங்கேயாவது அந்தத் தகரக் கூரைகள் தெரிகின்றனவா என்று கண் தானாகத் தேடும்.

வேலை போய்விடவில்லை. சிஎன்சி வந்தும் பிசிறு இருக்கத்தான் செய்கிறது, அதைக் கையால்தான் எடுக்கிறார்கள். சுத்தியலும் உளியும் இருந்த இடத்தில் ஏஜி ஃபோர் என்கிற கை கிரைண்டர் வந்திருக்கிறது. அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு, அந்த மெஷினுக்குப் பொருந்தாத பெரிய வீலை மாட்டி ஓட்டுகிறார்கள். வீல் உடைந்து பறந்தால் உளிச் சில்லு ஒன்றுமேயில்லை. பெஞ்சில் நிற்கும் பையன்கள் இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு இங்கே அப்பாவின் கார்டு கிடையாது, பொய் சொல்லியாவது தையல் பிரிக்கக் கூட்டிப்போக அம்மாவும் பக்கத்தில் இல்லை.

போன தை மாதம் கிணற்று மோட்டாருக்கு ஒரு புஷ் கடையக் கணபதிக்குப் போயிருந்தேன். பட்டறை வாசல் பக்கம் ஓர் ஒடிசாப் பையன், பதினெட்டு இருக்கும், ராவிக்கொண்டிருந்தான். நிற்கிற நிலை அழகாக இருந்தது, இடது கால் சரியான இடத்தில். அரத்தில் கைப்பிடி இல்லை. டேங்கைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தான். என் வலது கை தானாக மூடிக்கொண்டது. பக்கத்தில் போய் என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். தழும்பைப் பார்த்தான், அரத்தைப் பார்த்தான். மொழி தேவைப்படவில்லை. நஞ்சப்பா ரோட்டுக்குப் போய் ஆறு கைப்பிடி வாங்கி வந்தேன். ஒன்றை அவன் எதிரிலேயே மாட்டிக் காட்டினேன். டேங்கைக் கைப்பிடித் துளையில் நேராகச் சொருகி, அரத்தைத் தலைகீழாக்கி, கைப்பிடியின் பின்பக்கத்தைப் பெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், தன் எடையிலேயே இறங்கி இறுகிக்கொள்ளும். அடுத்ததை அவனே மாட்டினான்.

பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்த பிறகு ஒரு அரைமணி நேரம் பெஞ்சு முன்னால் நில்லுங்கள். உளித் தலைகளைக் கல்லில் வையுங்கள். சுத்தியலை உதறிப் பாருங்கள். தட்டுகிறவனுக்கும் எதிரே நிற்பவனுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, நகம் கறுத்தால்கூட அன்றைய தேதியில் எழுதி வையுங்கள். எந்தச் சாமான் அடிக்கடி கையைக் கடிக்கிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். அரத்துக்குக் கைப்பிடி எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. ஒரு டீ, இரண்டு வடை விலைதான்.